சதுரத்துக்குள் கெட்டிமேளம்

ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி 3, செவ்வாய்

அஞ்சுகம் குடுத்தனுப்பின ஓலைக்கட்டை இன்னிக்குத்தான் பிரிச்சேன். பட்டாளத்துக்கு வந்து ரெண்டு மாசமாச்சு, எழுத்தாணியைத் தொடவே இல்லை. என்னத்தை எழுதறது? நடந்தோம், கஞ்சி குடிச்சோம், தூங்கினோம். இன்னிக்கு மத்தியானம் குதிரைக்காரங்களைப் பார்த்தேன். அதுலேர்ந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது.

கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு மேடு. அது மேல வரிசையா நின்னாங்க, மராட்டியங்க. கிட்ட வரலை, கத்தலை. எங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பொதிமாட்டுக்காரன் ஒருத்தன் எண்ண ஆரம்பிச்சான். பாதியில நிறுத்திட்டு, மடியிலேர்ந்து விபூதி எடுத்து வாயில போட்டுக்கிட்டான். நாங்க இருநூறு பேருக்கு மேல இருக்க மாட்டோம். அவங்க எத்தனைன்னு அவன் சொல்லவே இல்லை, நானும் கேக்கலை.

அஞ்சுகம் என் தங்கச்சி. எங்கப்பா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மணல்லதான் எழுத்து சொல்லிக்குடுத்தார். அவ என்னைவிட வேகமாப் படிப்பா. "தினம் அவர் எப்படி இருக்கார்னு எழுதி வை. வந்ததும் நான் படிக்கணும்"னு சொல்லித்தான் இந்தக் கட்டைக் குடுத்தா. அவர்னா அவ புருஷன் சட்டநாதன், எங்க வீட்டு மாப்பிள்ளை. நாகசுரத்துக்கு ஒத்து ஊதறவர். நான் பஞ்சநதம், தவில்காரன். சண்டை வந்து கோயில்ல சாமி புறப்பாடும் நின்னுபோச்சு, ஊர்ல கல்யாணமும் நின்னுபோச்சு. பந்தல் போட்டா அதுல குதிரையைக் கட்டறாங்க, எவன் பந்தல் போடுவான்? அதான் வெள்ளைக்கார துரையோட பட்டாளத்துல எனக்குக் குச்சியால அடிக்கிற தம்பூர் மேளம், மாப்பிள்ளைக்கு ஒரு சின்னக் குழல்.

வைகாசியிலதான் அவங்களுக்குக் கல்யாணம். ஆவணியில அவரை இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அவர் வரேன்னு சொல்லலை. நான்தான் நச்சரிச்சேன், தனியா வர எனக்குப் பயம். அஞ்சுகம் வாசல்ல நின்னு, "அண்ணே, நீ கூட்டிட்டுப் போறே. தலைதீபாவளிக்கு நீயே கூட்டிட்டு வந்து நிறுத்தணும்"னா. நிறுத்தறேன்னு சொல்லியிருக்கேன்.

மாப்பிள்ளை நல்லா இருக்கார். ரெண்டு தரம் கஞ்சி வாங்கிக்கிட்டார்.


ஐப்பசி 5, வியாழன்

மராட்டியங்க வளைச்சிருக்கிற எங்க கோட்டையில பட்டினி. பொதிமாட்டுல அரிசி ஏத்தி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கறதுதான் எங்க வேலை. வழி பூரா பொட்டல், ஒளியறதுக்கு ஒரு புதர் இல்லை. சாயங்காலம் சுபேதார் அல்லாப்பிச்சை எல்லாரையும் உட்காரவெச்சுப் பேசினார். நாகூர்ப் பக்கத்து ஆள், தாடிக்கு மருதாணி போடுவார், திட்டினாக்கூட தாலாட்டு மாதிரி இருக்கும்.

"குதிரைக்காரன் தான் சாகறதுக்குப் பயப்பட மாட்டான்டா. குதிரை சாகறதுக்குத்தான் பயப்படுவான். அது அவன் சொந்தக் குதிரை. செத்துப்போனா அவன் ராசா வேற வாங்கித் தர மாட்டார், மறுநாள்லேர்ந்து அவன் நடந்துதான் பொழைக்கணும். அதனால உங்க துப்பாக்கியில மருந்து இருக்கிற வரைக்கும் கிட்ட வர மாட்டான். சுத்தி சுத்தி வருவான், கத்துவான், வம்புக்கு இழுப்பான். பயந்துபோய் சுட்டீங்களோ, போச்சு. மறுபடி மருந்து கெட்டிக்கறதுக்குள்ள வந்து தலையை எடுத்துடுவான். அதுவும் இந்த மழையில மறுபடி கெட்டிக்கிறது நடக்கிற கதையா? நமக்கு ஒரே வெடிதான்."

அந்த ஒரே வெடி என் கையில இருக்காம். குதிரை வந்ததும் சதுரம் கட்டணும். நாலு பக்கமும் சிப்பாய்ங்க, நடுவுல மாடு, அரிசி, துரை, துரை பக்கத்துல நான். துரை கத்தியை இறக்கினா நான் மேளத்துல கடகடன்னு ஒரு உருட்டு அடிக்கணும். உருட்டு கேட்டாத்தான் சுடணும். கண்ணால பார்த்து எவனும் சுடக்கூடாது, காதால கேட்டுத்தான் சுடணும்.

இன்னொன்னும் சொன்னார். சதுரம் கட்டின பிறகு வெளியே மாட்டிக்கிட்டவனுக்காக யாரும் வழி விட மாட்டாங்க. ஒரு ஆளுக்கு வழி விட்டா அவன் பின்னாடியே பத்து குதிரை உள்ளே வந்துடும். வெளியே இருக்கறவன் ஓடி வரக்கூடாது, அங்கேயே குப்புறப் படுத்துடணும். படுத்திருக்கிற ஆளைக் குதிரை மிதிக்காது, தாண்டிப் போயிடும்.

"சேத்துலயா படுக்கணும்?"னு மாப்பிள்ளை கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. சுபேதாரும் சிரிச்சார்.

மாப்பிள்ளை நல்லா இருக்கார்.


ஐப்பசி 6, வெள்ளி

மழை. வயிறு சரியில்லை. மாப்பிள்ளை நல்லா இருக்கார்.


ஐப்பசி 8, ஞாயிறு

இன்னிக்கு ஒருத்தன் போயிட்டான். அன்னிக்கு விபூதி போட்டுக்கிட்ட அதே பொதிமாட்டுக்காரன். மாடு ஒன்னு சேத்துல மாட்டிக்கிச்சு, அதை இழுத்துக்கிட்டுப் பின்னால நின்னிருக்கான். நாலஞ்சு குதிரைங்க எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை, வந்ததும் தெரியலை போனதும் தெரியலை. மாடு மட்டும் நின்னுச்சு. நான் திரும்பிப் பார்க்கலை, பார்த்தவங்க யாரும் மத்தியானம் சாப்பிடலை.

எனக்குப் பயமா இருக்கு. வெக்கத்தை விட்டு எழுதறேன், நீ சிரிச்சாலும் சரி அஞ்சுகம். நடக்கறப்போ முதுகு கூசுது. என் தவிலைத் துப்பட்டியில சுத்தி ஒரு மாட்டு மேல அரிசி மூட்டையோட வெச்சிருக்கேன். நின்ன இடத்துல அதைக் கீழே இறக்கி, வலந்தலைத் தோல்ல உள்ளங்கையை வெச்சுப் பார்க்கறேன். குதிரை எங்கேயாவது தூரத்துல ஓடினா தோல் லேசா நடுங்கும். காதுக்குக் கேக்கறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சுடும். முதல்ல அதை ஒரு சாமர்த்தியமா நினைச்சுச் செஞ்சேன். இப்போ கையை எடுக்கப் பயந்துக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கேன்.

மாப்பிள்ளை பக்கத்துல வந்து உட்கார்ந்தார். என்னைத் தேத்தணும்னு கல்யாணக் கதையை எடுத்தார். "ஏன் மச்சான், அன்னிக்கு நான் தாலியை எடுத்து முடிச்சு போடறதுக்கு முன்னாடியே கெட்டிமேளம் கொட்டிட்டீங்களே, ஐயர் இன்னும் வெரலை ஆட்டவே இல்லையே. அப்படி என்ன அவசரம்?"

அவசரம்தான். எனக்குக் காது அப்படி. நாலு நாகசுரம் சேர்ந்து ஊதினாலும், பந்தல் கோடியில எவனாவது தும்மறதுக்கு மூச்சை இழுத்தான்னா எனக்குக் கேக்கும். கேட்டதும் கை போயிடும். அபசகுனமா ஒரு சத்தம் பொண்ணு மாப்பிள்ளை காதுல விழக்கூடாது, அதுக்குத்தானே கெட்டிமேளம். தும்மலோ, அழுகையோ, இருமலோ, என் தவில் விழுங்கிடும். இருபது வருஷமா ஒன்னைக்கூட விட்டதில்லை. வெளியே சொல்றதும் இல்லை. சொன்னா மறைச்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். அஞ்சுகம் அன்னியிலேர்ந்து என்னைத் துளைக்கறா, "என் கல்யாணத்துல என்ன சத்தம்ணே மறைச்சே?"ன்னு. மாப்பிள்ளைகிட்டயும் இன்னிக்குச் சொல்லலை. "கை அரிச்சுது"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

நல்லா இருக்கார். கால்ல ஒரு கொப்புளம், விளக்கெண்ணெய் தடவினேன்.


ஐப்பசி 10, செவ்வாய்

தம்பூர் செத்துப்போச்சு. மூணு நாள் மழையில ஊறி, காலையில ரெண்டு தட்டு தட்டினேன், நடுவுல கிழிஞ்சுடுச்சு. எனக்கு வருத்தமே இல்லை. ரெண்டு கையிலயும் குச்சியைக் குடுத்து வெரலுக்கு வேலை இல்லாம பண்ணின மேளம் அது. அதைக் கண்டுபிடிச்சவனுக்கு வெரலே கிடையாதோ என்னமோ.

துரைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. உருட்டுக்கு என்ன பண்றது? சுபேதார் என்னைப் பார்த்தார். நான் போய் துப்பட்டியைப் பிரிச்சு, தவிலைத் தீ பக்கத்துல வெச்சு வாட்டி, தோள்ல மாட்டிக்கிட்டு வந்தேன். வெரல்ல கூடு மாட்டி ஒரே ஒரு உருட்டு. மாடெல்லாம் கயித்தை அறுத்துக்கிச்சு. துரை காதைப் பொத்திக்கிட்டு, அப்புறம் கையை எடுத்துட்டு, தலையை ஆட்டினார். அவர் சிரிச்சு இன்னிக்குத்தான் பார்த்தேன்.

தோள்ல சொந்தத் தவில் ஏறினதும் கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் குதிரைங்க வந்து சுத்தினப்போ அது போயிடுச்சு. சதுரம் கட்டினோம். ரொம்ப நேரம் சுத்தினாங்க. ஒருத்தன் கிட்ட வந்து தலைப்பாகையைக் கழட்டி ஆட்டினான், தமிழ்லயே எங்க அம்மாவையெல்லாம் ஏசினான். எவனும் சுடலை. துரை கத்தி மேலேயே நின்னுச்சு, நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். போயிட்டாங்க. அவங்க போனதும் தவிலை என் தோள்லேர்ந்து மாப்பிள்ளைதான் கழட்டி வெச்சார்.


ஐப்பசி 11, புதன்

ஊருக்குப் போகத் தாண்டவேண்டிய ஆத்துல வெள்ளம். படகு இல்லை. தீபாவளிக்கு ஊர் போய்ச் சேர வழியே இல்லை.

மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சேன். அவரே சொன்னார், "விடுங்க மச்சான், அஞ்சுகத்துக்குக் கோபம் வந்தா அடுத்த தீபாவளி வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள போயிடலாம்." அவ கோபம் எனக்குத் தெரியும், நேரா கண்ணைப் பார்த்துக் கேப்பா.

அவர் நல்லா இருக்கார். கொப்புளம் ஆறிடுச்சு.


ஐப்பசி 12, வியாழன்

ஊருக்குப் போகலைன்னா என்ன, தலைதீபாவளி தலைதீபாவளிதான். பெண்வீட்டுக்காரன்னு நான் ஒருத்தன் இங்கே இருக்கேன்ல? பொதிமாட்டுக்காரங்ககிட்ட நல்லெண்ணெய் வாங்கினேன். கூட வந்த நெசவுக்காரச் சேணியர் ஒருத்தர்கிட்ட ஒரு புது வேட்டி கெஞ்சி வாங்கினேன், நல்ல வெள்ளை. மூலையில மஞ்சள் தடவி மறைச்சு வெச்சிருக்கேன்.

சுபேதார்கிட்டத் தனியாப் பேசினேன். "ஐயா, எங்க மாப்பிள்ளை சதுரத்துக்குள்ள என் பக்கத்துலயே இருக்கட்டும். அவர் கையில துப்பாக்கியும் இல்லை, வெறும் குழல்."

"உன் மாப்பிள்ளை எனக்கும் புள்ளை மாதிரிதான்யா. நடுவுலயே இருக்கட்டும்"னார்.

இன்னிக்கு ஒரு குதிரைகூட கண்ணுல படலை. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு இதுதான் அதிகமாப் பயமா இருக்கு. தோல்ல கையை வெச்சுப் பார்த்தேன், ஒரு நடுக்கமும் இல்லை. குதிரை கண்ணுக்குத் தெரியறப்போகூட இவ்வளவு பயம் இல்லை.


ஐப்பசி 13, வெள்ளி, தீபாவளி

விடிஞ்சும் விடியாததுமா மாப்பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்காரவெச்சு, தலையில எண்ணெய் வெச்சேன். என் தங்கச்சி செய்யவேண்டிய வேலை, அவளை நினைச்சுக்கிட்டே அரக்கித் தேச்சேன். "மெதுவா மச்சான், இது தவில் இல்லை, என் தலை"ன்னார். பள்ளத்துல நின்ன மழைத்தண்ணியில குளிச்சார். வேட்டியைக் குடுத்தேன். கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. கட்டிக்கிட்டு சிப்பாய்ங்க நடுவுல ஒரு சுத்து சுத்தி வந்தார். எல்லாரும் கேலி பண்றாங்க, "புது மாப்பிள்ளை, புது மாப்பிள்ளை"ன்னு. இந்தச் சேத்துலயும் அழுக்குலயும் அவர் ஒருத்தர்தான் வெள்ளையா இருக்கார்.

வெயில் லேசா வந்திருக்கு. துரை இன்னும் கிளம்பச் சொல்லலை. குடிக்கத் தண்ணி இல்லைன்னு ஆளுங்க முனகறாங்க. அந்தப் பனந்தோப்புகிட்ட ஒரு கிணறு தெரியுது. யாரையாவது அனுப்பணும்னு சுபேதார் சொல்லிக்கிட்டிருக்கார். எண்ணெய்க் கை, எழுத்தாணி வழுக்குது. மிச்சத்தை அப்புறம் எழுதறேன்.


ஐப்பசி 14, சனி

ஜெயிச்சோம்.


ஐப்பசி 16, திங்கள்

எழுதித்தான் ஆகணும். அஞ்சுகம், நீ இதைப் படிக்கறப்போ நான் உன் எதிர்ல இருப்பேன், எல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் எழுதறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

தண்ணிக்குத் துப்பாக்கி இல்லாதவங்கதான் போகணும்னு துரை சொல்லிட்டார். தவில் சதுரத்தை விட்டு நகரக்கூடாது. "குழல் போகட்டும்"னு யாரோ சொன்னாங்க. சுபேதார் என்னைப் பார்த்தார், வேணாம்னா சொல்லுன்ற மாதிரி. மாப்பிள்ளை அதுக்குள்ள தோல்பையை வாங்கி மாட்டிக்கிட்டார். "தீபாவளிக்கு எல்லாருக்கும் என் கையால தண்ணி"ன்னு சிரிச்சார். நான் வேணாம்னு சொல்லலை. என்னைப் போகச் சொல்லலையேன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி. அதையும் எழுதிடறேன். மாட்டுக்காரங்க ரெண்டு பேர் கூடப் போனாங்க.

குதிரைங்க ராத்திரியே அந்தப் பனந்தோப்புக்குப் பின்னாடி வந்து நின்னிருக்கு. அசையாம நின்னதால தோல்ல தெரியலை. ஒரே நேரத்துல எல்லாம் கிளம்பினப்போ என் நெஞ்சு மேல இருந்த தவில் தானா உறுமிச்சு. "சதுரம்!"னு கத்தினாங்க. கட்டிட்டோம். நேரா வந்தாங்க. இந்தத் தரம் சுத்தலை. ஏன்னா தண்ணிக்குப் போன மூணு பேரும் அவங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல இருந்தாங்க. நம்ம ஆளுங்க நடுவுல இருக்கறப்போ நாங்க சுட மாட்டோம்னு குதிரைக்காரனுக்குத் தெரியும்.

"படுங்கடா! படுங்க!"ன்னு சுபேதார் கத்தினார். மாட்டுக்காரங்க ரெண்டு பேரும் சேத்துல விழுந்துட்டாங்க. இன்னிக்கு உசிரோட இருக்காங்க. மாப்பிள்ளை படுக்கலை. ஓடி வந்தார். புது வேட்டி சேறாகும்னு நினைச்சாரோ, சொன்னதே மறந்துபோச்சோ, எனக்குத் தெரியலை. நேரா எங்க பக்கம் பார்த்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னாடி அந்தப் பொட்டல் பூரா குதிரை. முன்வரிசையில முட்டிபோட்டிருந்தவங்க, "டேய், நம்ம மாப்பிள்ளைடா"ன்னாங்க. ரெண்டு மூணு துப்பாக்கி கீழே இறங்கிச்சு. ஒருத்தன் எழுந்து நகர்ந்து வழி விடப் பார்த்தான்.

துரை கத்தியை இறக்கினார். நான் அடிச்சேன். சுட்டாங்க. புகை. புகை கலைஞ்சப்போ முன்னாடி வந்த குதிரைங்க குவியலாக் கிடந்துச்சு, பின்னாடி வந்ததெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் ஓடிச்சு. அவ்வளவுதான் சண்டை. ஒரு பாக்கு மெல்லற நேரம்.

மாப்பிள்ளை அதுக்கு முன்னாடியே விழுந்துட்டார். குதிரைக்காரன் பின்னாலேர்ந்து வெட்டி விழுந்தார். ஒன்னும் சொல்லலை, வலிச்சிருக்காது. நானே குளிப்பாட்டினேன். கரையோரம் மேட்டுல அடக்கம் பண்ணினோம். வேட்டியை உனக்காக எடுத்து வெச்சிருக்கேன். முன்பக்கம் பூரா ரத்தம், அலசினேன், போகலை. பின்பக்கம் அப்படியே வெள்ளையா இருக்கு.


ஐப்பசி 17, செவ்வாய்

தூக்கம் இல்லை. காதுல என்னமோ.


ஐப்பசி 19, வியாழன்

கோட்டைக்கு வந்து சேர்ந்தாச்சு. அரிசியைப் பார்த்து ஜனங்க அழறாங்க. எங்களைத் தூக்காத குறை.

சிப்பாய்ங்களுக்கு என்னைப் பார்த்தா ஒரே கொண்டாட்டம். "உருட்டு அடிக்கச் சொன்னா கல்யாண மேளம் கொட்டினாண்டா, கேட்டதும் தானா வெரல் மடங்கிடுச்சுடா"ன்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்றாங்க. அன்னிக்கு நான் கொட்டினது கெட்டிமேளமாம். இருக்கலாம். இருபது வருஷப் பழக்கம், கை எதைக் கொட்டும்னு கையைத்தான் கேக்கணும்.

சுபேதார் சாயங்காலம் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். அப்புறம் மெதுவா, "பஞ்சநதம், நான் துரை பக்கத்துலதான் நின்னேன். கத்தி இறங்கவே இல்லை. அவர் அந்தப் பையனையே பார்த்துக்கிட்டுக் கல்லா நின்னுட்டார். இன்னும் ரெண்டு மூச்சு விட்டிருந்தா குதிரை உள்ளே வந்திருக்கும், ஒருத்தன்கூட மிஞ்சியிருக்க மாட்டோம். நீ அடிச்சதுதான் எங்க எல்லாருக்கும் உசிரு. அதை மட்டும் நினைச்சுக்க"ன்னு சொன்னார்.

கத்தி இறங்கிச்சு. நான் பார்த்தேன். சுபேதாருக்குக் கண்ணு மங்கிடுச்சு, வயசாச்சு. துரையே என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளிக் காப்பு போட்டார். கத்தி இறங்காமலா போடுவார்?

காப்பு கொஞ்சம் பெரிசு. கையை ஆட்டினா சத்தம் போடுது. கழட்டி வெச்சுட்டேன்.


ஐப்பசி 23, திங்கள்

வெள்ளம் வடிஞ்சுது. ஊருக்குப் போக உத்தரவு குடுத்துட்டாங்க. தவிலைத் துப்பட்டியில சுத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். வழியில ஒரு ஊர்ல கல்யாணமாம், தவில்காரன்னு தெரிஞ்சதும் ஓடி வந்து கூப்பிட்டாங்க. கை வீங்கியிருக்குன்னு சொல்லிட்டேன். கையில வீக்கம் ஒன்னும் இல்லை.


கார்த்திகை 2, புதன்

வீட்டுக்கு வந்து மூணு நாளாச்சு. கடைசி ஓலை இது.

அஞ்சுகம் வாசல்லயே நின்னிருந்தா. நான் தெருமுனை திரும்பறப்பவே என் பின்னாடி யாராவது வராங்களான்னுதான் பார்த்தா. வேற ஒன்னும் சொல்லவேண்டியிருக்கலை. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும் கூடி அழுதாங்க, அவ அழலை. ஓலைக்கட்டை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டு உள்ளே போனா. வேட்டியையும் எடுத்துக்கிட்டா.

மூணு நாளும் படிச்சா. ஒரு ஓலையை முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து படிப்பா. சோறு வெச்சா சாப்பிட்டா. என்கிட்டப் பேசலை. நான் கூடத்துல உட்கார்ந்து அவ ஓலையைத் திருப்பற சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தேன். பொட்டல்ல குதிரைக்குப் பயந்ததெல்லாம் ஒன்னுமே இல்லை.

இன்னிக்குக் காலையில வந்து என் எதிர்ல உட்கார்ந்தா. மடியில வேட்டி. அதை விரிச்சு, முன்பக்கத்தை என் பக்கமா வெச்சா. அப்புறம் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் காட்டினா. பின்னாலேர்ந்து வெட்டினாங்கன்னு எழுதியிருக்கியேன்னு அவ கேக்கவே இல்லை. மடிச்சு ஓரமா வெச்சுட்டா.

"அண்ணே, கெட்டிமேளம் எதுக்குக் கொட்டறது?"

"உனக்குத் தெரியாததா?"

"நீ சொல்லு."

"கேக்கக் கூடாத சத்தம் காதுல விழக்கூடாதுன்னு."

"என் கல்யாணத்துல எதை மறைச்சேன்னு எத்தனையோ தரம் கேட்டேன். நீ சொல்லலை. அவரோட சித்தப்பா தும்மினார். எனக்கே கேட்டுச்சு. நீ கொட்டினது ரொம்பத் தாமதம். அதைச் சொல்லி உன்னைக் கேலி பண்ணணும்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." அவ குரல் அசையவே இல்லை. "பொட்டல்ல கெட்டிமேளம் கொட்டினேன்னு நீயே எழுதியிருக்கே. அங்கே யாருக்கும் கல்யாணம் இல்லை. எதை மறைச்சேண்ணே?"

கை தானா போச்சுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. துரை கத்தின்னு ஆரம்பிச்சேன். அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அழுதுட்டேன். இத்தனை நாள் வராத அழுகை, அம்மா சமையலறையிலேர்ந்து ஓடி வந்துட்டா. அஞ்சுகம் கையைக் காட்டி அம்மாவை உள்ளே போகச் சொன்னா.

அப்புறம் சொன்னேன். கத்தி இறங்கலை. குதிரைங்க என் மேலயே வர மாதிரி இருந்துச்சு, சாகப்போறேன்னு தெரிஞ்சுது. சிப்பாய்ங்க காதுல மாப்பிள்ளை குரல் விழுந்தா வழி விட்டுடுவாங்கன்னும் தெரிஞ்சுது. சுடச்சொல்ற உருட்டு என் தவில்லேர்ந்துதான் வரணும்னு மாப்பிள்ளைக்கும் தெரியும். அதனால அவர் துரையைக் கூப்பிடலை, சுபேதாரைக் கூப்பிடலை, துப்பாக்கி வெச்சிருந்தவங்களைக்கூடக் கூப்பிடலை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டார்?"

"மச்சான், கொட்டிடாதீங்க, நான்தான்னு."

அஞ்சுகம் ஓரமா வெச்ச வேட்டியை மறுபடி மடியில எடுத்து வெச்சுக்கிட்டா. அப்புறம் நிமிர்ந்து, உனக்கு அது நல்லாக் கேட்டுச்சான்னு கேட்டா. கேட்டுச்சுன்னு சொன்னேன்.